பழைய ஜீப் வாங்க விரும்பும் அன்பர்களுக்கு

நம் சங்கத்து அன்பர்களிடையே அண்மைக்காலமாகப் புதியதோர் ஆசை தலைதூக்கியிருக்கிறது. பிள்ளைகள் படித்து வேலைக்குச் சென்றுவிட்டார்கள். வீட்டுக் கடன் ஒருவாறு தீர்ந்தது. ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இனி ஒரு பழைய ஜீப் வாங்கிச் செப்பனிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே ஓட்டிச் சென்றால் என்ன என்று பலர் கேட்கின்றனர். ஒருவருடைய தந்தையார் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் ஜீப் ஓட்டியவர். மற்றொருவர் போடிநாயக்கனூரில் பிறந்து, ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவர். இன்னும் ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர். ஆசை இயற்கையானதே, அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று.

ஆனால் ஆசைக்கும் கைப்பணத்துக்கும் நடுவே தரகர் ஒருவர் நிற்கிறார். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைக் கண்டவர்களுக்குத் தரகரின் திறமையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. அங்கேகூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்போம். ஜீப் விஷயத்திலோ பச்சை வர்ணத்தையும் முகப்பில் எழுதிய வெள்ளை நட்சத்திரத்தையும் கண்டவுடனேயே பலர் மயங்கிவிடுகின்றனர். ஆகவே ஜீப்புக்கும் பல் எங்கே, சுழி எங்கே என்பதை இம்மாதம் எடுத்துக்கூற முற்படுகிறோம்.

எது எந்த ஜீப்?

முதலில் வமிசாவளியை அறிய வேண்டும். 1940-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க ராணுவம் இலேசான, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி ஒன்று வேண்டுமென நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளைக் கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனி அவ்வாண்டு செப்டம்பரிலேயே முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. ஆயினும் பெருந்தொகையான உற்பத்தி வில்லிஸ் கம்பெனிக்கும், பின்னர் ஃபோர்டு கம்பெனிக்கும் சென்றது. வில்லிஸ் செய்தது எம்.பி.; அதே வரைபடத்தைக் கொண்டு ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. யுத்தம் முடிவதற்குள் இவ்விரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைச் சக்தி, மூன்று கியர், 80 அங்குலச் சக்கர இடைவெளி: இவையே அவ்வண்டியின் அடையாளங்கள்.

பர்மா, அஸ்ஸாம் போர்முனைகளுக்காக இந்நாட்டில் இறக்கப்பட்ட ஜீப்புகள் அனைத்தும் யுத்தத்திற்குப்பின் திரும்பிச் செல்லவில்லை. எஞ்சிய அமெரிக்கத் தளவாடங்கள் 1946-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இந்திய அரசாங்கத்தின் கைக்கு வந்து, ஏலங்களின் மூலம் நாடெங்கும் சிதறின. தேயிலைத் தோட்டங்களிலும் ஜமீன்களிலும் காணப்பட்ட பழைய ஜீப்புகள் பல அவ்வழி வந்தவையே.

யுத்தத்திற்குப் பிறகு வில்லிஸ் கம்பெனி குடியானவர்களுக்காக 1945-இல் சி.ஜே.-2ஏ என்பதையும், 1949-இல் சி.ஜே.-3ஏ என்பதையும், 1953-இல் சி.ஜே.-3பி என்பதையும் வெளியிட்டது. பம்பாயில் மகீந்திரா கம்பெனி சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வில்லிஸ் பாகங்களைத் தருவித்துப் பூட்டத் தொடங்கிப் பின்னர் இங்கேயே உற்பத்தி செய்தது. நாம் சிறுவயதில் தாசில்தாரிடமும் வட்டார வளர்ச்சி அதிகாரியிடமும் போலீஸ் நிலையத்திலும் கண்ட ஜீப் பெரும்பாலும் சி.ஜே.-3பி வழிவந்ததே. அதன் பிறகு வந்த எம்.எம். 540 போன்றவை பியூஜோ டீசல் எஞ்சின் பூண்டவை. இவை தவிர, ஜபல்பூர் ராணுவ வண்டித் தொழிற்சாலையில் 1969 முதல் செய்யப்பட்ட ஜோங்கா என்றொரு வண்டி உண்டு. நிஸான் வரைபடத்தில் அமைந்த அது, ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டது. பார்வைக்கு யானை, தீனியிலும் யானைதான்.

வேஷம் கலைக்கும் அடையாளங்கள்

இப்போது சந்தையில் நடக்கும் பெரிய ஏமாற்று இதுதான்: இந்திய சி.ஜே. ஒன்றுக்குப் பட்டாளத்துப் பச்சை அடித்து, யுத்தகால வண்டி என்று பல மடங்கு விலை கூறுதல். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை.

முன்புறக் கம்பித்தட்டியின் திறப்புகளை எண்ணுங்கள். தகட்டில் அச்சாக அடித்த யுத்தகாலத் தட்டிக்கு ஒன்பது திறப்புகள். குடிமக்கள் ஜீப்பிற்கு ஏழு. யுத்தகால வண்டியின் முகப்பு விளக்குகள் சிறியவை. உள்ளே தள்ளி அமைந்தவை. இரவில் எஞ்சினைப் பழுது பார்ப்பதற்காக அவற்றைப் பின்னோக்கித் திருப்ப வசதியும் உண்டு. காற்றுத் தடுப்புக் கண்ணாடி இரண்டு துண்டுகளாக இருக்கும். பின்புறம் திறக்கும் கதவு கிடையாது. உபரிச் சக்கரம் பின்புறமே மாட்டப்பட்டிருக்கும். ஓட்டுநர் பக்கத்து உடற்தகட்டில் மண்வெட்டியும் கோடரியும் பொருந்துவதற்கான பள்ளங்களைக் காணலாம்.

சி.ஜே.-3பி-யை அதன் உயர்ந்த மூடியே காட்டிக்கொடுத்துவிடும். பழைய எஞ்சினில் வால்வுகள் யாவும் பக்கவாட்டில் இருந்தன. புதிய எஞ்சினில் காற்று உள்ளே செல்லும் வால்வை மேலே தலைப்பகுதிக்குக் கொண்டுசென்றார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதை மூட மூடியும் உயர்ந்தது. ஆகவே மூடி உயர்ந்த வண்டியைக் காட்டி யாரேனும் இது கோஹிமாப் போரில் ஓடியது என்றால், புன்னகை செய்துவிட்டு வந்துவிடுங்கள்.

வில்லிஸா, ஃபோர்டா என்று அறிய விரும்புவோர் ரேடியேட்டருக்குக் கீழே, அடிச்சட்டத்தின் முதல் குறுக்குச் சட்டத்தைப் பார்க்கவும். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த வாய்க்கால் போன்றிருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு கம்பெனி தன் பாகங்களிலும் போல்ட்டுகளின் தலையிலுங்கூடத் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்துவைத்தது. ஆனால் யுத்தகாலப் பட்டறைகளில் ஒன்றன் பாகத்தை மற்றொன்றுக்கு மாட்டியது சர்வ சாதாரணம். எழுபது, எண்பது ஆண்டுகளில் நம் மெக்கானிக்குகளும் தம் பங்குக்குக் கலந்திருக்கிறார்கள். கலப்பு இருப்பது குற்றமன்று. கலப்பைத் தூய்மை என்று விற்பதே குற்றம்.

எங்கே தேடுவது?

ஹரியானாவின் மண்டி டப்வாலி ஜீப் கட்டும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே கிடைப்பவற்றில் பல, பழைய பாகங்களையும் புதுத் தகட்டையும் சேர்த்துப் புதிதாகக் கட்டப்பட்டவை. கண்ணுக்கு அழகு, கடுதாசிக்குத்தான் கஷ்டம். வங்காளத்தில் பானாகட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், தில்லியில் மாயாபுரி, மும்பையில் குர்லா, சென்னையில் புதுப்பேட்டை ஆகியவை பாகங்கள் தேடுவதற்கு உகந்தவை. முழு வண்டி வாங்க உகந்தவை என்று சொல்ல மாட்டோம். நம்மைக் கேட்டால், மலைப்பகுதித் தோட்டக்காரர் குடும்பங்களிலும், ஒரே கையில் நெடுநாள் இருந்த வண்டிகளிலும் தேடுவதே மேல் என்போம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மூணாறு, வால்பாறை, கம்பம் பக்கங்களில் உறவினர் மூலம் விசாரிக்கலாம்.

ராணுவம் கழித்துவிடும் வண்டிகள் எம்.எஸ்.டி.சி. என்னும் அரசாங்கக் கம்பெனியின் மின்வழி ஏலத்தில் விற்கப்படுகின்றன. அங்கே இருந்த இடத்தில், இருந்த நிலையில் என்பதே விதி. பல வண்டிகள் ஒரே தொகுதியாக ஏலம் போவதால், பெரும்பாலும் மொத்த வியாபாரிகளே எடுக்கின்றனர். அவர்களிடமிருந்து வாங்குவோர் ஏலப் பத்திரம், வண்டியை விடுவித்த ஆணை ஆகியவற்றின் அசலைப் பெறாமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகள் கடந்த அரசாங்க வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை, அவை உடைப்பு நிலையங்களுக்கே செல்ல வேண்டும். பாதுகாப்புப் பணிக்குரிய சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே கலெக்டர் அலுவலகத்து ஜீப் இப்போதுதான் ஏலத்தில் வந்தது, ஓட்டிக்கொண்டே போகலாம் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் எச்சரிக்கை தேவை.

கைப்பேசி விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராணுவ உடையணிந்த படம், அடையாள அட்டையின் நகல், "வேறிடத்துக்கு மாற்றலாகிவிட்டது, அதனால் மலிவாகத் தருகிறேன்" என்ற உருக்கமான பேச்சு, வண்டியை அனுப்பிவைக்க முன்பணம்! இந்த நாடகத்தில் பணத்தை இழந்தோர் பலர். மாற்றலாகும் குடும்பங்களின் சங்கடத்தை நாமெல்லாம் நன்கு அறிவோம். அந்த அனுதாபத்தையே மோசக்காரன் முதலாக்குகிறான். கண்ணால் காணாத வண்டிக்குக் கையால் பணம் அனுப்பாதீர்கள்.

பரிசோதிக்கும் முறை

வண்டியைப் பகலில், மழையில்லாத நாளில், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவருடன் சென்று பாருங்கள். போனவுடன் எஞ்சின்மீது கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ சிரமப்பட்டுக் கிளப்பியிருக்கிறார்கள் என்று பொருள். ஆற விட்டு, உங்கள் முன்னிலையில் கிளப்பச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதன்மை அடிச்சட்டம். எஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம். சட்டம் போனால் வண்டியே போயிற்று. வில்லுப்பட்டைகளைத் தாங்கும் கொக்கிகளின் அருகேயும், பின் குறுக்குச் சட்டத்திலும் சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். துருவேறியது மழுங்கிய ஓசை தரும். பற்றவைத்த தழும்புகள் எங்கே, எதற்காக என்று கேளுங்கள். உடற்தகட்டின்மீது துணி சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. யுத்தகால ஜீப்பின் தளத்திற்குக் கீழே தகட்டு வாய்க்கால்களில் மரக்கட்டைகள் பொருத்தியிருந்தார்கள். அம்மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துத் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே வர்ணம் பளபளக்கும். கீழே விரல் உள்ளே போகும்.

எஞ்சினில் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் கருவி வைத்து அளக்கச் செய்யுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒத்திருந்தால் நலம்; ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் செலவு காத்திருக்கிறது. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நில்லாமல் வந்தால் தண்ணீர் உள்ளே புகுகிறதென ஐயுறலாம். ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடியில் சில துளி எண்ணெய் சொட்டுவது ஜீப்பின் சுபாவம். குட்டையாகத் தேங்குவது வியாதி.

இரண்டாம் கியரில் வேகமெடுத்து, மிதியிலிருந்து சட்டென்று காலை எடுங்கள். கியர் தானாக நழுவி வெளியே வந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன. நான்கு சக்கர விசையை மண்தரையில் சோதியுங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் வேண்டாம். வளையும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் உருளுகின்றன. அந்த வித்தியாசத்தைச் சமன்செய்யும் அமைப்பு நடுவில் இல்லாததால், மண்ணில் வழுக்கித் தீரும் இறுக்கம் தார்ச்சாலையில் பல்சக்கரங்களின்மீதே விழும். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், வேகத்தில் ஸ்டியரிங் கையில் நில்லாமல் உதறும்.

பிரேக்கைப் பற்றி அழுத்திக் கூற விரும்புகிறோம். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழிதான் உண்டு. ஒரு சக்கரத்தில் குழாய் கசிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். இடைவார் கிடையாது, பக்கக் கதவு கிடையாது, அகலம் குறைவு, உயரம் அதிகம். திருப்பத்தில் வேகமாக வளைத்தால் கவிழும் தன்மை அதற்கு உண்டு. பேரக்குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டப்போகும் வண்டி இது. எண்ணெய்க் குழாய்கள், சக்கர உருளைகள் யாவற்றையும் புதிதாக மாற்றிய பின்னரே குடும்பத்தை ஏற்றுவது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வர்ணத்துக்கு ஒதுக்கும் தொகையை முதலில் பிரேக்குக்கு ஒதுக்குங்கள்.

கடுதாசியே ஆதாரம்

வண்டி நன்றாயிருந்தும் பத்திரம் சரியில்லையேல் அது இரும்புக் குவியலே. பதிவுப் புத்தகத்தில் உள்ள சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவற்றுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எண் உள்ள இடம் தேய்த்து மெருகேற்றப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் வரிசை பிறழ்ந்திருந்தாலோ பேச்சை அத்துடன் நிறுத்துங்கள்.

நமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர், யுத்தகால ஜீப் என்று நம்பி 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். மெக்கானிக்குடன் மறுபடி சென்றபோது சட்ட எண் உள்ள இடம் அரம் போட்டுத் தேய்த்துப் புதிதாகப் பொறிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. முன்பணம் திரும்பாது என்றார் விற்பவர். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, மீதியையும் கொடுத்து எடுத்துவிடலாமே" என்று உடன் சென்றவர்கள் கூறினர். அன்பர் அசையவில்லை. "இருபத்தையாயிரம் போனது போகட்டும். நாளைக்குப் போலீஸ் வந்து வாசலில் நின்றால், நாற்பது வருஷ உத்தியோகத்தில் சேர்த்த பெயர் போய்விடும்" என்று திரும்பிவிட்டார். பிறகு ஓராண்டு பொறுத்திருந்து, மலைத்தோட்டக்காரர் ஒருவரின் குடும்பத்திலிருந்து, எவ்விதப் பெருமையுமில்லாத, ஆனால் பத்திரம் சுத்தமான சி.ஜே.-3பி ஒன்றை வாங்கினார். அது இன்றும் ஓடுகிறது. இழந்த தொகையை அவர் படிப்புச் செலவு என்றே கணக்கெழுதியிருக்கிறார்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஊரில் வாங்கிய வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. சாலை வரியும் அங்கே கட்ட நேரும். தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தடை விதித்த பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அது குறித்து 2025-லும் ஆணைகள் பிறந்தன. ஆதலின் அங்கு வாழும் அன்பர்கள், வாங்கும் நாளில் வழக்கிலுள்ள ஆணை எதுவென்று போக்குவரத்து அலுவலகத்திலேயே கேட்டறிந்த பிறகுதான் ஊரிலிருந்து வண்டியை இறக்க எண்ண வேண்டும்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதிகள் வகுத்தது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பழவண்டி ஊர்வலம், பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். அன்றாடம் அலுவலகம் செல்ல இயலாது. மேலும் சட்டம், உடல், எஞ்சின் ஆகியவை மூல வடிவில் இருக்க வேண்டும். மைலேஜுக்காக டீசல் எஞ்சின் பூட்டிய பழைய வில்லிஸ் இத்தகுதியை இழந்துவிடுகிறது. கம்பெனி செய்த அமைப்பை மனம்போனபடி மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. எஞ்சின் மாற்றம் அனுமதியுடன் நடந்து, பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கியபின் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்துவிடுங்கள். காப்பீடு இல்லாத ஜீப்பைப் பக்கத்துத் தெருவரைகூட ஓட்டாதீர்கள். வழியில் ஒருவர்மீது மோதினால், நஷ்டஈடு முழுவதும் குடும்பத்தின் சேமிப்பிலிருந்தே போகும்.

கடைசியாக ஒரு கணக்கு. வண்டிக்கு என்ன விலையோ, அதைப் போல் மற்றொரு பங்கு செப்பனிடத் தேவைப்படும் என்று எண்ணியே இறங்குங்கள். இரண்டு பங்கையும் தாங்க முடியுமானால் வாங்குங்கள். ஒரு பங்குதான் உண்டென்றால் பொறுத்திருங்கள். வீட்டு அம்மையாரையும் கலந்துகொள்ளுங்கள். வர்ணத்தில் மயங்காத கண் பெரும்பாலும் அவர்களுக்கே இருக்கிறது. ஜீப் வாங்கிய அன்பர்கள் தம் அனுபவத்தை எழுதியனுப்பினால், மற்றவர்க்குப் பயன்படுமாறு இப்பகுதியில் வெளியிடுவோம்.